ஆள் வருது

"எழுநூறு ஆண்டுகள் பழமை வாய்ந்த நகரத்தின் இடிபாடுகளைக் காண உங்களை அன்புடன் அழைக்கிறோம்" என்றது கப்பலின் ஒலிபெருக்கி. "கொம்புத்தீவில் நமது கப்பல் ஐந்து மணி நேரம் நிற்கும். பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டுவிடும். தாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்திருக்க இயலாது."

இஞ்ஞாசி பர்னாந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே கேட்டார். அந்தப் பழைய நகரத்தைக் கட்டப் போனவர்களில் ஒருத்தி அவருடைய மகள் ஜெசிந்தா. போனது சென்ற வருஷம் ஜூலையில். மறந்துவிட்டுப் போன அவளுடைய போன் சார்ஜர் தூத்துக்குடி வீட்டில் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது.

"அந்தப் பெட்டிய எதுக்குத் தூக்குதீய?" என்றாள் செலஸ்தீனா. "தின்பண்டம் எதுவும் கொண்டு எறங்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னான்."

"சொல்லுவான்."

"பிடிச்சிட்டான்னா?"

"பிடிக்கட்டும்."

தகரப் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். உள்ளே மக்ரூன் இருந்தது. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்த்து அடித்துக் கூம்பு கூம்பாகப் பிழிந்து சுடுகிற அந்தப் பண்டத்துக்கு ஊரில் பத்துக் கடை உண்டு என்றாலும், இஞ்ஞாசியின் கடைச் சரக்கைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். எப்போதோ முறிந்து கோணலாக ஒட்டிய மணிக்கட்டு அவருடையது. அதனால் கூம்பை முடிக்கும்போது கை இழுத்துக்கொண்டு, நுனி எப்போதும் இடப்பக்கம் சாய்ந்துவிடும். "சப்பாணி மக்ரூன்" என்று மகள் கிண்டல் செய்வாள். செய்துகொண்டே நாலைந்தை உள்ளே தள்ளிவிடுவாள்.

செலஸ்தீனாவின் பையில் ஒரு சம்பங்கி மாலையும் மெழுகுவர்த்தியும் இருந்தன. கல்லறை என்று ஒன்றைப் பார்த்து, பூ வைத்து, அழுது முடித்துவிட வேண்டும் அவளுக்கு. அடுத்த மாதம் வருஷப் பூசை வைக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். பூசை என்ற பேச்சை எடுத்தாலே இஞ்ஞாசி எழுந்து கடைக்குப் போய்விடுவார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள். வந்த காரியம்தான் ஆளுக்கொன்று.

கரைக்குக் கொண்டுபோகும் படகில் அவர்களுக்கு முன்னால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மயில்சாமி என்று பெயர். மோட்டார் பம்ப் உதிரிபாகம் செய்கிறவர். காசு கொடுத்து வந்தாயிற்று, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்ற வகை.

"ஏனுங் அம்மணி, எனக்கு ஒண்ணுமே புரியலீங்" என்றார் வழிகாட்டிப் பெண்ணிடம். "போன வருசம் கட்டுன ஊரு, எப்படீங் எழுநூறு வருசப் பழசாகும்?"

வழிகாட்டியின் பெயர் சுடர்விழி. தொல்லியல் படித்த சென்னைப் பெண். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்க வேண்டும். இருந்தும் பொறுமையாகச் சொன்னாள்.

"இந்தத் தீவை மூடி ஒரு கூடு போட்டிருந்தாங்க சார். கூட்டுக்குள்ள காலம் வேகமா ஓடும். வெளிய ஒரு நாள்னா உள்ள மூணு வருஷம். கடல் ஏறிட்டே வருதில்ல, அதுக்குத் தாங்கற மாதிரி ஒரு ஊர் கட்டிப் பாக்கணும். வெளிய கட்டினா மூணு வருஷம் ஆகும். கூட்டுக்குள்ள கட்டினா மறுநாளே ரெடி. நானூறு பேர் விருப்பப்பட்டுத்தான் போனாங்க."

"செரி."

"மறுநாள் கதவு திறக்கல. என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. எட்டு மாசம் கழிச்சு மார்ச்லதான் கூட்டையே கலைக்க முடிஞ்சது."

மயில்சாமி விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் அவர் முகம் மாறியது. "அட, ஏனுங்... அந்த நானூறு பேரு?"

"வாழ்ந்தாங்க சார். கல்யாணம் பண்ணி, குழந்தை குட்டி பெத்து, தலைமுறை தலைமுறையா வாழ்ந்தாங்க. அப்புறம் ஏதோ ஒரு காய்ச்சல்ல ஊர் கொஞ்சம் கொஞ்சமா ஒழிஞ்சிருக்கு."

"பெத்தவங்க, கட்டுனவங்க எல்லாம் வெளிய இருந்திருப்பாங்களே, அவங்க வந்து பாத்தாங்களா?"

சுடர்விழி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆய்வு முடியற வரைக்கும் குடும்பத்தாருக்கு அனுமதி இல்லை. சுற்றுலாவுக்கு மட்டும் கொடுத்திருக்காங்க."

செலஸ்தீனா கணவனின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று அர்த்தம். அவர்கள் சுற்றுலாப் பயணிகளாகத்தான் சீட்டு எடுத்து வந்திருந்தார்கள்.

இஞ்ஞாசிக்குக் கணக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் தூங்கினால் மகளுக்கு ஒரு வருஷம் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு எந்தத் தகப்பன் படுப்பான்? கதவு மாட்டிக்கொண்ட அன்று ராத்திரி விழித்தவர்தான். மாதா கோயிலில் கொடியேறிய மறுநாள் அவள் உள்ளே போனாள், இருபத்து நாலு வயதில். ஒன்பது நாள் கழித்துத் திருநாளன்று மாதா சப்பரம் வீதியில் வந்தபோது எல்லாரும் கும்பிட்டார்கள். இஞ்ஞாசி மட்டும், இந்நேரம் அவளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும், என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவள் என்று நினைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார். அதற்கடுத்த வாரத்தில் அவள் அவரைவிட மூத்தவளாகிவிட்டாள். அதற்குமேல் அவர் கணக்குப் போடவில்லை. போட மறுத்துவிட்டார். ஆனால் தூக்கம் திரும்பி வரவேயில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் அசரும், திடுக்கிட்டு எழுந்து மணி பார்ப்பார். கூடு கலைந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இதுகூடப் பெரிதில்லை. நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது வேறொன்று.

கதவு திறக்க வேண்டிய அந்தச் சாயங்காலம், குடும்பத்தார் எல்லாம் தீவின் பழைய படகுத்துறையில் கூடியிருந்தார்கள். செலஸ்தீனா நவநாள் பூசையை விட மனமில்லாமல் ஊரிலேயே தங்கிவிட்டாள். இஞ்ஞாசி மக்ரூன் பெட்டியோடு தனியாக வந்து முதல் வரிசையில் நின்றார். ஜெசிந்தா கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். "மூணு வருசம் கழிச்சு வாரேம்பா. நீங்க ஒரு நாள்தான் காத்திருக்கணும். மக்ரூனோட நிக்கணும், ஆமா!" நின்றார். மணி ஆறானது, ஏழானது. தொண்டை வறண்டது. படகுக் கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியின் மேல் பெட்டியை வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் டீ குடிக்கப் போனார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? திரும்பி வந்தால் ஒரே அழுகையும் கூச்சலும். கதவு கொஞ்ச நேரம் கண்ணாடி மாதிரி தெளிந்ததாம். உள்ளே புகை ஓடுவதுபோல என்னவோ தெரிந்ததாம். பிறகு இருண்டுவிட்டதாம்.

எல்லாரும் இருந்தார்கள். அவர் மட்டும் இல்லை.

*

பழைய துறையை இப்போது பயன்படுத்துவதில்லை. தெற்கே புதிதாகப் போட்டிருந்த துறையில் இறங்கினார்கள். பையைச் சோதித்தவன் துண்டைத் தூக்கிப் பார்க்கச் சோம்பல்பட்டான், இஞ்ஞாசி தப்பித்தார்.

தெருக்கள் அழகாகத்தான் இருந்தன. பவளப்பாறைக் கல்லில் கட்டிய வீடுகள். கூரை போய்விட்டது, சுவர்கள் நின்றன. ஓடிய கால்களால் படிகள் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தன. ஜெசிந்தா படித்தது கட்டடப் பொறியியல். எந்தச் சுவர் அவள் போட்டது என்று இஞ்ஞாசி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். கூட்டத்தை முந்திப் போவார், பிறகு ஒரு வாசலில் நின்றுவிடுவார், பிறகு ஓடுவார். செலஸ்தீனா மூச்சு வாங்கப் பின்னால் வந்தாள்.

"கல்லறை எங்கன இருக்கும்மா?" என்று சுடர்விழியிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

"அவங்க புதைக்கல, கடல்லதான் விட்டிருக்காங்க மேடம். கூட்டுக்குள்ள கொஞ்சம் கடலும் இருந்தது."

செலஸ்தீனா பைக்குள் கையை விட்டு மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இனி அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இங்க பாருங்க" என்று சுடர்விழி ஒரு நிலைவாசலைக் காட்டினாள். உச்சியில் ஒரு கல் கூம்பு, உள்ளங்கை அளவில். "எல்லா வீட்டு வாசல்லயும் இது இருக்கு. சங்குன்னு சிலர் சொல்றாங்க, கோபுரம்னு சிலர். எங்களுக்கு இன்னும் தெரியல. வேடிக்கை என்னன்னா, எழுநூறு வருஷமா எவ்வளவோ மாறியிருக்கு, எழுத்தே மாறியிருக்கு. இந்தக் கூம்போட நுனி மட்டும் மாறல. எல்லாமே இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கும்."

இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்தார்.

"செலஸ்தி."

"பாத்துட்டேன்" என்றாள் அவள்.

அடுத்த வாசலுக்கு ஓடினார். அங்கேயும் அது. எதிர் வரிசையில், மூலை வீட்டில், இடிந்து தரையில் கிடந்த நிலைக்கல்லில்கூட. தெரு முழுக்க, கண்ணுக்கு எட்டிய மட்டும், சப்பாணி மக்ரூன். முட்டையும் முந்திரியும் காணாத ஊரில், அதைத் தின்று பார்க்காத ஜனங்கள், ஒரு கோணல் கையின் தப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கல்லில் கண்ணும் கருத்துமாகச் செதுக்கியிருந்தார்கள். இஞ்ஞாசிக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்தால் நிற்காது என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னாச்சுங், வெயிலுங்களா?" என்று மயில்சாமி தண்ணீர் நீட்டினார்.

"நடங்க, நடங்க" என்றார் இஞ்ஞாசி. "அந்தக் கதவு எங்கன இருக்கு? மொதல்ல அங்க போவோம்."

*

வடக்கு மூலையில் ஒரு முற்றம். அதன் எல்லையில் கதவு இருந்த இடம் இப்போது வெறும் திறப்பு. திறப்புக்கு அந்தப்பக்கம் பழைய படகுத்துறை, கயிறு கட்டும் இரும்புக் குற்றி, கடல். முற்றத்துச் சுவரில் நீளமாக ஒரு புடைப்புச் சிற்பம். வரிசையாக மனிதர்கள் நிற்கிறார்கள். சிலர் கையைத் தூக்கியிருக்கிறார்கள், ஒரு குழந்தை தகப்பன் தோளில் இருக்கிறது. வரிசையின் நடுவில் ஓர் இடைவெளி. இடைவெளியில் ஒரு குற்றி, அதன்மேல் ஒரு பெட்டி, பெட்டிமேல் ஒரு துணி.

"இதுதான் இந்த ஊரோட மையம்" என்றாள் சுடர்விழி. "அந்த முதல் மூணு வருஷம் முடிஞ்சப்ப கதவு தெளிஞ்சிருக்கு. வெளிய அஞ்சு நிமிஷம். உள்ள கிட்டத்தட்ட நாலு நாள். நாலு நாளும் அவங்க இங்கயே நின்னு, வெளிய அசையாம நிக்கிற தங்கள் சொந்தக்காரங்களைப் பார்த்திருக்காங்க. கண்ணாரப் பார்த்துட்டாங்க. பெட்டி வைச்ச ஒருத்தர் மட்டும் இல்லை. எல்லாரும் வந்து சேர்ந்தாத்தான் கதவு திறக்கும், ஒரு ஆள் பாக்கி இருக்கு, அதனாலதான் திறக்கலன்னு ஒரு நம்பிக்கை இங்க வேர்விட்டுடுச்சு. அந்த ஆளுக்காக முறை போட்டுக் காத்திருந்திருக்காங்க. ஒருநாள்கூட விடாம."

முற்றத்தின் நடுவில் கயிறு கட்டித் தடுத்திருந்தது. கயிற்றுக்குள் கதவைப் பார்த்தபடி ஒரு நீளக் கல்லிருக்கை. அதன் ஒரு பக்கத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

"போட்டோ எடுக்காதீங்க ப்ளீஸ்" என்றாள் சுடர்விழி, அவசரமாக. "கூடு கலைஞ்சப்ப உயிரோட இருந்தது இவங்க ஒருத்தர்தான். பேர் கேட்டா முறைக்காரின்னு மட்டும் சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகப் பாத்தாங்க, கடிச்சுட்டாங்க. மாத்தி உட்கார ஆள் வந்தாத்தான் எழுந்திரிக்கணுமாம். மாத்தி உட்கார யாரு இருக்கா? மூணு மாசமா இங்கயேதான் சாப்பாடு, இங்கயேதான் கண் அசர்றது. இவங்களைச் சுத்திக் கயிறு கட்டுனது எனக்கும் பிடிக்கல. சொன்னேன். கேக்கல."

கிழவி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கல், தொட்டி மாதிரி குழிந்து பளபளவென்றிருந்தது. மறுபக்கம் நேற்று செதுக்கியதுபோல் கூர் மழுங்காமல் இருந்தது. அந்தப் பக்கத்தின்மேல் ஒரு துணி விரித்திருந்தது.

இஞ்ஞாசி அந்தத் துணியைப் பார்த்தார். தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தில் எத்தனை தடவை! ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடித்துவிட்டு, சின்னப் பெண்ணாக இருந்த ஜெசிந்தாவை அதற்குக் காவல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். யார் உட்கார வந்தாலும் அவள் கண்ணை உருட்டிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லுவாள். பெரிய மீசைக்காரன்கூட அதைக் கேட்டு நகர்ந்து போயிருக்கிறான்.

அவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"சார்! சார், உள்ள போகக் கூடாது!"

அவர் காதில் வாங்கவில்லை. இருக்கைக்கு அருகே போய், துணி விரித்த பக்கத்தில் உட்காரப்போகிறவர்போல லேசாகக் குனிந்தார். கிழவியின் கை சட்டென்று நீண்டு துணியை மறைத்தது. கண் கதவைவிட்டு அகலவில்லை.

"ஆள் வருது" என்றாள்.

மகள் சொல்லுகிற அதே ராகம். கடைசி எழுத்தில் ஒரு சின்ன அதட்டல்.

குனிந்த இஞ்ஞாசி நிமிரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தாம்மா" என்றார். "நாந்தான் அந்த ஆளு."

கிழவி திரும்பிப் பார்த்தாள். நம்பவில்லை. எழுநூறு வருஷத்தில் எத்தனை பேர் நான்தான் என்று சொல்லிப் பார்த்தார்களோ, அவளுக்குத்தான் தெரியும். அவர் பையைத் திறந்தார். துண்டை எடுத்தார். பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து அவள் மடியில் வைத்தார்.

கிழவி ஒரு மக்ரூனைக் கையில் எடுத்தாள். எடை இல்லாததால் அவளுக்கு முதலில் பயம் வந்ததுபோல் தெரிந்தது. கல்லாகத்தானே பார்த்திருக்கிறாள். நுனியை விரலால் தடவினாள். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும்.

நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சின்ன வயதில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குழந்தைபோல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"டீ குடிச்சாச்சா?"

சுடர்விழி கையால் வாயை மூடிக்கொண்டாள். "டீன்னா என்னன்னு இங்க யாருக்கும் தெரியாது" என்றாள் மெதுவாக, யாரிடமோ.

இஞ்ஞாசி ஓவென்று அழுதார். மகள் திட்டுவாள், வெறுத்திருப்பாள், அப்பன் வரவில்லை என்று வெதும்பியே செத்திருப்பாள் என்றெல்லாம் ஒரு வருஷமாக அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் எதுவும் அவளுடையவை அல்ல. பெட்டியையும் துண்டையும் பார்த்த அந்தக் கணமே அவளுக்குப் புரிந்திருக்கிறது. கிழவியாகும்வரை இங்கே உட்கார்ந்து, வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் அதையே சொல்லியிருக்கிறாள். அப்பா எங்கேயும் போய்விடவில்லை, டீ குடிக்கத்தான் போயிருக்கிறார்.

"குடிச்சாச்சு தாயி" என்றார். "குடிச்சிட்டு வந்துட்டேன்."

கிழவி துணியை எடுத்து மடித்தாள். மடித்த துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரும் உட்காராத அந்தக் கல்லைக் கையால் தட்டிக் காட்டினாள். இஞ்ஞாசி ஏறி உட்கார்ந்தார். கல் சில்லென்றிருந்தது. அவர் உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள். மூன்று மாதமாக எழாத கால். சுடர்விழி ஓடிவந்து தாங்கினாள்.

"எங்க போறீங்க பாட்டி?"

கிழவி சொன்னதில் பாதிதான் இஞ்ஞாசிக்குப் புரிந்தது. மீதியைச் சுடர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஆள் வந்தா, முறையில இருக்கறவங்க வீடு வீடாப் போய்ச் சொல்லணுமாம். எல்லா வீட்டுக்கும். அதுதான் வழக்கமாம்."

"வீட்டுல யாரு இருக்கா?" என்றார் மயில்சாமி.

கிழவி சுடர்விழியின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் வாசலுக்குப் போனாள். கதவில்லாத நிலையை விரல் மடக்கித் தட்டினாள். உள்ளே இடிந்து கிடந்த கல்லையும் வெயிலையும் பார்த்துச் சொன்னாள். "ஆள் வந்தாச்சு." பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுத்த வாசலுக்குப் போனாள்.

செலஸ்தீனா இவ்வளவு நேரம் கயிற்றுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். இப்போது வந்து, கிழவி எழுந்துபோன குழியில் கையை வைத்தாள். முதலில் உட்கார்ந்து அதைத் தேய்க்க ஆரம்பித்தவள் யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலையை எடுத்தாள். குழியில் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கழுத்தில் போட்டுவிடுகிற மாதிரி இருக்கையின் சாய்மானத்தில் மாட்டினாள். பிறகு அந்தக் குழியிலேயே உட்கார்ந்துகொண்டாள். இருவரும் கதவைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"பூசை வைப்போமா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"வைப்போம்" என்றார் இஞ்ஞாசி.

தெற்கே கப்பல் ஊதியது. கூட்டம் கலைந்து படகுக்கு ஓடியது. மறுபடி ஊதியது. கப்பல் பணியாளன் ஒருவன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

"சார், மேடம், சீக்கிரம்! கடைசிப் படகு இதான். ஒருத்தர் உங்க ரெண்டு சீட்லயும் துண்டைப் போட்டுட்டு யாரையும் உட்கார விட மாட்டேங்கிறார். ஆள் வருதுங், ஆள் வருதுங்னு சொல்லிக் கத்துறார். டிரைவர் படகை எடுக்க முடியாம முழிக்கிறான்."

செலஸ்தீனா சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இஞ்ஞாசி கேட்கிற சிரிப்பு அது.

"ரெண்டு தெரு பாக்கி இருக்கு தம்பி" என்றாள். "அந்தம்மா சொல்லி முடிச்சு வரட்டும். வந்தாத்தான் எந்திரிக்க முடியும்."

தூரத்து வாசல் ஒன்றிலிருந்து கிழவியின் குரல் கேட்டது. "ஆள் வந்தாச்சு." அடுத்தது இன்னும் தூரத்தில். இஞ்ஞாசி மனைவியின் தோளில் தலையைச் சாய்த்தார். இப்போது கண்ணை மூடினால் மகளுக்கு எவ்வளவு காலம் போகும் என்று மனசு பழக்கதோஷத்தில் கணக்கை ஆரம்பித்தது. பாதியில் விட்டுவிட்டது. அவர் தூங்கிப்போனார்.